துள்ளல் அண்ணை குதித்துப் பார்த்த டெராஸ்

ஜேர்மனியில், பீலெஃபெல்ட் நகரத்தில் தமிழர் வாங்கிய வீடுகளில் துள்ளல் அண்ணை குதிக்காத வீடு ஒன்றுகூட இல்லை. வங்கி கையெழுத்துக் கேட்கும், உறுதி எழுதும் நோட்டார் கையெழுத்துக் கேட்பார். எங்கள் ஆட்களுக்கு அதெல்லாம் போதாது. அண்ணை வந்து, சப்பாத்தைக் கழற்றி, காற்சட்டையை இரண்டு மடிப்புச் சுருட்டி, அறைக்கு மூன்று தரம் குதிக்க வேண்டும். ஆள் தொண்ணூற்றெட்டுக் கிலோ.

"நான் விழாட்டி நீங்கள் நிக்கலாம்" என்பார். அதுதான் சான்றிதழ்.

சோபா, கட்டில் எதையும் அவர் விட்டுவைத்ததில்லை. ஒரு கல்யாணத்தில் மணவறையிலேயே ஏறிக் குதித்தார். மாப்பிள்ளையின் தாய்க்குத் தலை சுற்றி, மணமக்களுக்கு முன் அவவுக்குக் கதிரை போட வேண்டியதாயிற்று. இன்னொரு தரம் ஆஸ்பத்திரி லிஃப்டில் குதித்தார். அது இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. ஒரு மணித்தியாலம் கழித்து வெளியே வந்தவர், "பாத்தியளோ, பழுது இருந்திருக்கு" என்றார்.

நாங்கள் வாங்கியது பழைய வீடு. பின்பக்கம், சரிவான தோட்டத்துக்கு மேலே, தூண்களில் நின்றது ஒரு மர டெராஸ். பலகையெல்லாம் கறுத்து, மழை பெய்தால் காளான் முளைக்கும். மாற்றுவம் என்று நான் சொல்லியும் என் கணவர் அசையவில்லை.

"ஜேர்மன்காரன் கட்டினது. அதுக்கு ஒண்டும் ஆகாது."

ஜூலைக் கடைசியில் மகளின் பத்தாவது பிறந்தநாள் வர இருந்தது. கேக் டெராஸில்தான் என்று வகுப்பில் இருபது பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டாள். எனக்கு நித்திரை போய்விட்டது. அண்ணைக்குப் போன் போட்டேன்.

உலகக் கிண்ணத்துக்காகத் தெருவெல்லாம் கொடி பறந்த ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்.

"கொஞ்சம் மெதுவாக் குதியுங்கோ அண்ணை" என்றார் என் கணவர்.

"மெதுவாக் குதிச்சா அதுக்குப் பேர் நடக்கிறது, தம்பி."

முதல் குதிக்குப் பலகை முனகியது. இரண்டாவதுக்கு ஒரு காளான் கழன்று விழுந்தது. மூன்றாவதுக்கு அண்ணை இடுப்பு வரை காணாமல் போனார். தோட்டத்தில் நின்ற எனக்கு, தலைக்கு மேலே இரண்டு கால்கள் மட்டும் தொங்குவது தெரிந்தது. மேலே மிச்ச அண்ணை நிதானமாகக் கேட்டார்:

"தம்பி, இதைக் கட்டினது எந்த ஜேர்மன்காரன்?"

அண்ணைக்கு வலது கால் முறிந்து, முழங்கால் வரை கிப்ஸ் என்கிற மாவுக்கட்டுப் போட்டார்கள். என் கணவர் அடுத்த நாளே புது டெராஸுக்கு ஓடர் கொடுத்தார். பழையதைப் பிரித்தபோது தூண்களின் அடியைத் தேத்தண்ணிக் கரண்டியால் தோண்டலாம் போலிருந்தது. வேலையாட்கள் புதுத் தூண் நட்டு, மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து வார்த்த சாம்பல் நிறப் பலகைகளைப் பூட்டிவிட்டுப் போனார்கள். முத்திரை குத்திய உத்தரவாதக் கடிதமும் தந்தார்கள். பிறந்தநாளுக்கு முதல் நாள் என் கணவர் அந்தக் கடிதத்தோடு வாசற்படியிலேயே நின்றார்.

"அண்ணை குதிக்காமல் நான் ஏறமாட்டன்."

ஊன்றுகோலோடு அண்ணை வந்தார். அங்கேதான் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"புது இடம். வலது காலைத்தான் முதல் வைக்கோணும் அண்ணை."

"வலது கால் ஊண்ட ஏலாது, தங்கச்சி. டாக்குத்தர் ஏசுவார்."

"இடது கால் கூடாது. பிள்ளையின்ரை பிறந்தநாள்."

அண்ணை யோசித்தார். "அப்ப தூக்குங்கோ."

என் கணவரும் அவருடைய இரண்டு சிநேகிதரும் தூக்கினார்கள். கிப்ஸின் நுனியைப் பலகையில் பட்டும் படாமலும் வைத்து எடுத்தார்கள். நல்ல சகுனம் முடிந்தது. பிறகு மூவரும் கக்கத்தில் பிடித்துக்கொள்ள, அண்ணை இடது காலால் குதித்தார். அவர் குதித்த குதியில் பிடித்தவர்களும் குதித்தார்கள். பலகை மூச்சுக்கூட விடவில்லை.

"பிளாஸ்டிக் ஒண்டும் கதைக்குதில்லை" என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

மறுநாள் இருபது பிள்ளைகளும் டெராஸில் ஆடித் தீர்த்தார்கள். கேக் வெட்டும் நேரம் அண்ணையைக் காணவில்லை. தேடிக்கொண்டு தோட்டத்துக்கு இறங்கினேன். டெராஸுக்கு நேர் கீழே கதிரை போட்டு, கிப்ஸ் காலை ஒரு வாளியில் தூக்கி வைத்து, பலகைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல வாங்கோ அண்ணை, கேக் வெட்டப் போறம்."

"நீங்கள் வெட்டுங்கோ. ஒற்றைக் காலில குதிச்சது பாதிக் கணக்குத்தான், தங்கச்சி. மிச்சப் பாதிக்கு நான் இங்க இருக்கிறன்."

கடைசிப் பிள்ளை வீட்டுக்குப் போகும் வரை அவர் எழும்பவில்லை. முதல் துண்டுக் கேக்கை மகள் கீழே கொண்டுபோய் ஊட்டினாள். அப்போதும் அவர் பார்வை மேலேதான் இருந்தது.