ரொக்கத்துக்கு அனுமதி தந்த நாற்காலி

இந்த நாட்டில் ஒரு காகிதம் ஒரு மேஜையிலிருந்து பக்கத்து மேஜைக்குப் போய்ச் சேர எத்தனை நாள் ஆக வேண்டும் என்று முடிவு செய்தவரே ப்ளீஸ் ஸ்பீக் சார்தான். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

நிஜப் பெயர் வேறு. மத்திய சர்க்கார் அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டியவர். ஃபைலில் அபிப்பிராயம் எழுதி மாட்டிக்கொள்ள விரும்பாத அதிகாரிகள், நேரில் வந்து பேசு என்ற அர்த்தத்தில் ஓரத்தில் 'ப்ளீஸ் ஸ்பீக்' என்று எழுதி வைப்பார்கள். இவர் வேறு எதையுமே எழுதியதில்லையாம். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. மனைவி எழுதிய மளிகைச் சீட்டில் 'சீனி இரண்டு கிலோ'வுக்குப் பக்கத்திலும் அதையே எழுதிவிட்டார்.

அந்த அம்மாள் என் அம்மாவுக்குப் பழக்கம், திருநெல்வேலிக்காரர். ஒருநாள் டெல்லி கரோல் பாகிலிருந்து போன் செய்தார்.

"உனக்குப் புண்ணியமாப் போவும், இவுகளுக்கு ஒரு வேலை குடு தாயி. ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்கு ஃபைல் போட்டுட்டாக. பாலெல்லாம் திரிஞ்சி போச்சி."

அப்போது நான் குர்காவ் வேலையை விட்டுவிட்டு, துவாரகா ஃப்ளாட்டின் பின்னறையில் ஆன்லைன் பொடிக் கடை ஆரம்பித்து ஏழு மாதம் ஆகியிருந்தது. இட்லிப் பொடி, பருப்புப் பொடி, ரசப் பொடி. பாக்கெட் கட்டவும் போன் எடுக்கவும் ஆள் தேவைப்பட்டது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு மெட்ரோவில் வந்து இறங்கினார். கையில் ப்ரீஃப்கேஸ். அதற்குள் ஒரு பேனா, ஒரு டிபன் பாக்ஸ், ஒரு பொட்டலம் வேர்க்கடலை. எந்தக் காலமானாலும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்கில் வெயில் காய்ந்துகொண்டு கடலை உரிப்பது அவரைப் பொறுத்தவரை அரசியல் சாசனம் தந்த உரிமை. அந்த ஒரு மணி நேரம் பூகம்பமே வந்தாலும் அவரைக் கூப்பிடக் கூடாது.

கடையின் நிலைமை மோசமாக இருந்தது. தினமும் இருபது பேர் கூடையை நிரப்புவார்கள். பணம் கட்டும் பக்கம் வந்ததும் பதினாறு பேர் ஓடிவிடுவார்கள். கார்டு இருந்தது, போனில் ஸ்கேன் செய்யும் வசதி இருந்தது. பொருள் வீட்டுக்கு வந்ததும் ரொக்கமாகக் கொடுக்கிற வசதி இல்லை. அதைச் சேர்க்கலாமா என்று யோசித்தேன். பயமாகவும் இருந்தது. ஆர்டர் கொடுத்துவிட்டு வாசலில் 'வேண்டாம்' என்று சொன்னால், திரும்பி வரும் ஒரு பார்சல் நாலு பார்சலின் லாபத்தைத் தின்றுவிடும். தீபாவளிக்குள் கடை நிமிராவிட்டால் பழைய வேலைக்கே திரும்புகிறேன் என்று வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தேன். அந்தக் குளிர்பதன அறையையும் மேனேஜரின் முகத்தையும் நினைத்தாலே எழுந்து போய் இன்னும் நாலு பாக்கெட் கட்டுவேன்.

இந்த நேரத்தில்தான் என் வாய் சும்மா இருக்காமல், "நீங்க என்ன நினைக்கிறீங்க சார்?" என்று கேட்டுவிட்டது.

அவர் கண்ணில் ஓர் ஒளி வந்தது. ஓய்வுக்குப் பின் அவரிடம் அபிப்பிராயம் கேட்ட முதல் ஆள் நான். சாயங்காலத்துக்குள் ஃபைல் தயார். மேலே அட்டை, ஓரத்தில் நாடா, 'பொருள்: கூடுதலாக ஒரு கட்டண முறையைச் சேர்ப்பது தொடர்பாக.'

அடுத்த வாரம் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். சன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து எழுதினார். எழுந்தார். ஃபைலைத் தூக்கிக்கொண்டு மேஜையைச் சுற்றி வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியை இறக்கி, யாரோ எழுதியதைப் படிப்பதுபோல் படித்து, உதட்டைப் பிதுக்கினார்.

"என்ன ஆச்சு சார்?"

"நிதிப் பிரிவு ஒத்துக்கிடல."

"நிதிப் பிரிவு யாரு?"

"நாந்தான். ஆனா இந்த நாற்காலியில உக்காந்துட்டா தயவு தாட்சண்யம் பாக்க முடியாதும்மா."

அதோடு விட்டாரா? கூடையை நிரப்பிவிட்டு ஓடியவர்களுக்கெல்லாம் போன் போட ஆரம்பித்தார்.

"வணக்கம். ஒங்க கூடை செவ்வாக்கிழமையிலேருந்து பெண்டிங்ல கெடக்கு. தாமதத்துக்குக் காரணம் என்னன்னு தெரிஞ்சிக்கிடலாமா?"

மயூர் விஹாரிலிருந்து ஒரு பெண்மணி நடுங்கிப்போய், பையனுக்குப் பரீட்சை என்று மன்னிப்புக் கேட்டார். இன்னொருவர் வக்கீலைக் கலந்துகொண்டு பேசுவதாகச் சொன்னார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இருக்கிற நாலு பேரையும் மனுஷன் விரட்டிவிடுவார் என்று நினைத்தேன்.

ஆனால் பலர் மனம் விட்டுப் பேசினார்கள். பதினொரு பக்க அறிக்கையில் எல்லாம் இருந்தது. 'பொடியை மோந்து பார்க்காமல் காசு தருவதில்லை என்பது குடும்ப வழக்கம்.' 'கார்டு மருமகளிடம் இருக்கிறது, கேட்கக் கூச்சம்.' ஒரு பெரியவர் சொன்னதை அப்படியே எழுதியிருந்தார்: 'காசு வாங்க ஆள் வந்தால் ரெண்டு நிமிஷம் நிற்பான். தமிழில் ரெண்டு வார்த்தை பேசலாம்.'

அதைப் படித்த பிறகு எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. நிதிப் பிரிவுக்கு இருந்தது. தீபாவளிக்கு மூன்று வாரம்தான். சார் வேர்க்கடலைக்குப் போயிருந்த நேரத்தில் நான் அறைக்குள் போய், அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துச் சத்தம் போட்டேன்.

"உங்களுக்கென்ன, பென்ஷன் வருது! நான் கடையை மூடிட்டு மறுபடி அந்த ஆபீஸ்ல போய் உக்காரணுமா? ஒரு கையெழுத்துக்கு அஞ்சு வாரமா?"

திரும்பினால் வாசலில் சார். கையில் பாதி உரித்த கடலை. உரிமை நேரம் முடிய இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது. நேராகப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஃபைலின் நாடாவை அவிழ்த்தார்.

"தப்பா எழுதிட்டா ஒன் கடைல்லா போயிரும்? சர்க்காருன்னா போனாப் போவுதுன்னு விட்டுரலாம்" என்றார், என்னைப் பார்க்காமல்.

பிறகு எழுதினார். 'அனுமதிக்கப்படுகிறது. டெல்லிக்கு மட்டும். ரொக்க ஆர்டர்களைக் கீழே கையெழுத்திட்டவரே நேரில் கொண்டுபோய்க் கொடுப்பார்.'

கொடுத்தார். அந்த மூன்று வாரமும் கோட்டும் ப்ரீஃப்கேஸுமாக மெட்ரோவில் ஊரையே அளந்தார். மோந்து பார்ப்பதற்கென்று தனியாக ஒரு சின்ன டப்பா. கடலை உரிமையை விட்டுக்கொடுத்து மதிய நேரத்திலும் போனார். ஒரு வீட்டில் முக்கால் மணி நேரம். கேட்டால், "அவுக மகன் கனடாவுல இருக்கான். அதைச் சொல்லி முடிக்கணும்லா?" என்பார். ஒரு பார்சல்கூடத் திரும்பி வரவில்லை. வாசலில் வந்து நிற்பவரிடம் 'வேண்டாம்' என்று சொல்ல யாருக்கும் தைரியம் இல்லையா, மனசு இல்லையா, தெரியாது. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னாலேயே சரக்கு தீர்ந்தது. நான் குர்காவ் போகவில்லை.

சாரும் அம்மாளும் இப்போது மகனோடு பாளையங்கோட்டையில் இருக்கிறார்கள். இங்கே எல்லாரும் போனில் ஸ்கேன் செய்யப் பழகிவிட்டார்கள், அந்தப் பெரியவர் உட்பட. வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ளும் பஞ்சாபிப் பெண், என்னை அக்கா முறை வைத்து, மாதாமாதம் கேட்கிறாள்.

"தீதி, இந்த ரொக்க ஆப்ஷனை ஒரே ஒருத்தர்தான் யூஸ் பண்றார். எடுத்துடட்டுமா?"

அந்த ஒருத்தர் பாளையங்கோட்டையிலிருந்து மாதத்துக்கு அரைக் கிலோ இட்லிப் பொடி ஆர்டர் செய்கிறார். அந்த ஊரில் இட்லிப் பொடிக்கா பஞ்சம்? பொடியின் விலையைவிட அனுப்புகிற செலவு அதிகம். டெல்லிக்கு மட்டும் என்ற விதியை அவருக்காக நான்தான் தளர்த்தி வைத்திருக்கிறேன். ஐந்தாம் தேதிக்குள் ஆர்டர் வந்துவிடும். ஆறாம் தேதி ஆகியும் வராவிட்டால் எனக்கு வேலை ஓடாது.