மூன்றாவது டம்ளரும் முன்னாள் ஏட்டய்யாவும்

திண்டிவனம்,
திங்கட்கிழமை.

என் தங்கையைக் கைப்பிடித்த நாளிலிருந்து எனக்கு அண்ணனுக்கு அண்ணனாகவும், எங்கள் நாடகக் குழுவுக்கு வாத்தியாராகவும் விளங்கிவரும் மச்சான் சிங்காரம் அவர்களுக்கு, விருத்தாசலம் பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டாரும் நலம். நாடகத்தில் செத்துப்போன துரைக்கண்ணுவும் நலம். விழுப்புரத்தில் தங்களுடைய ஆபரேஷன் ஆன கண்ணும், இன்னும் ஆகாத கண்ணும் எப்படி இருக்கின்றன? இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் தாங்கள் பாதியிலேயே கத்த ஆரம்பிப்பீர்கள், கத்தினால் கண்ணுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னாராம். ஆகையால் கடிதம். தனம், நீ இதை அவருக்கு நிதானமாகப் படித்துக் காட்டு. நடுநடுவே உன் கருத்தைச் சேர்க்காதே.

தாங்கள் எழுதிய 'மூன்றாவது டம்ளர்' துப்பறியும் நாடகம் நேற்று மாலை இங்கே கல்யாண மண்டபத்து மாடியில் நடந்தது. நாற்காலி போதாமல் ஜனம் நின்றுகொண்டு பார்த்தது. ஆனால் தாங்கள் எழுதியபடி நடந்தது முதல் காட்சி மட்டும்தான். கதைப்படி, அரிசி மில் முதலாளியாக வரும் துரைக்கண்ணு விஷம் கலந்த மோரைக் குடித்துவிட்டு விழ வேண்டும், இன்ஸ்பெக்டராக வரும் ஆனந்தராஜ் விசாரிக்க வேண்டும், கடைசியில் டாக்டராக வரும் தங்கள் மகன் வெற்றிச்செல்வன்தான் கொலைகாரன் என்று தெரிய வேண்டும். துரைக்கண்ணு விழுந்தார். அருமையாகவே விழுந்தார். அந்தச் சமயம் பார்த்து, திரை ஓரத்தில் வசனம் எடுத்துக் கொடுக்க நின்றிருந்த என்னிடம் வெற்றி ஓடிவந்து, "மாமா, மூணாவது வரிசையைப் பாருங்க" என்றான். பார்த்தேன். அவனுக்கு நிச்சயம் செய்திருக்கும் பெண் ஷாலினி உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் அதன் அப்பா, மேல்மலையனூர் செல்வகுமார், ஓய்வுபெற்ற ஏட்டு. கீழ்த்தளத்தில் அவர்கள் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து விருந்தாம். சாப்பிட்டுவிட்டு, மாடியில் ஏசி ஓடுகிறதே என்று ஏறி வந்திருக்கிறார்கள்.

பெண் பார்க்கப் போனபோது அந்த மனிதர், "மேடையேறி வேஷம் கட்டற பையனுக்குப் பொண்ணு குடுக்கறதா இல்லீங்க" என்று சொன்னதும், தாங்கள் கொஞ்சமும் யோசிக்காமல், "எம் பையன் டிவியில நாடகம் வந்தாலே எழுந்து போயிடுவாங்க" என்று அடித்துவிட்டதும் தங்களுக்கு நினைவிருக்கும். தனம், இந்த இடத்தில் அவரைத் திட்டாதே. கண் ஆறட்டும்.

வெற்றிக்கு அழுகையே வந்துவிட்டது. "ஷாலினி இல்லன்னா எனக்கு வேற யாரும் வேணாம் மாமா. நான் இப்ப மேடைக்குப் போனா எல்லாம் போச்சு" என்கிறான். போகாவிட்டால் நாடகம் போச்சு. மேடையில் செத்துக் கிடந்த துரைக்கண்ணு தலையைத் திருப்பி, "ஜல்தியா யாராவது வாங்கய்யா, எறும்பு கடிக்குது" என்று முணுமுணுக்கிறார். "டாக்டர் வேஷம்தானே, மாஸ்க்கு போட்டுக்கினு போடா" என்று நான்தான் யோசனை சொன்னேன். கண் மட்டும் தெரியும்படி மாட்டிக்கொண்டு போனான். பார்வைக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அவன் குரலையும் மாற்றிப் பேச, கிணற்றுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவதுபோலக் கேட்டது. அவன் வசனத்தின் கடைசி வார்த்தை காதில் விழுந்தால்தான் ஆனந்தராஜுக்கு அடுத்த கேள்வி நினைவுக்கு வரும். விழவில்லை. "மோர் கொண்டுவந்தது யார்?" என்று கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

செல்வகுமாருக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டார். "யோவ் இன்ஸ்பெக்டர்! சந்தேகப்பட்ட ஆளை மூஞ்ச மூடி நிக்கவெச்சு விசாரிக்கிறியே, எந்த ஸ்டேஷன்யா நீ?" என்று கேட்டுக்கொண்டே மேடையில் ஏறினார். இதுவும் நாடகம்தான் என்று நினைத்து ஜனம் கைதட்டியது. அந்தக் கைதட்டலில் அவருக்கு இன்னும் உடம்பு நிமிர்ந்தது. ஆனந்தராஜ் பயந்துபோய் ஒரு சல்யூட் அடித்து லத்தியையும் அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். ஏட்டய்யா விசாரணையை ஆரம்பித்தார். வெற்றியை நோக்கி அவர் ஓர் அடி வைத்ததும், பையனைக் காப்பாற்ற நினைத்துத் துரைக்கண்ணு எழுந்து உட்கார்ந்து, "என்னை யாரும் கொல்லலீங்க, நானேதான் கலக்கிக் குடிச்சேன்" என்றார். "பொணம் பேசப்படாது. படு!" என்றார் ஏட்டய்யா. படுத்துவிட்டார். வேறு வழி தெரியாமல் நானே ஓடிப்போய், "நான்தான் கொன்னேன்" என்று கையை நீட்டினேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க மாப்பிள்ளையோட தாய்மாமன்தானே? இங்க என்ன பண்ணிக்கினு இருக்கீங்க?"

"கொலைங்க" என்றேன். வேறு என்ன சொல்ல?

அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து ஷாலினி எழுந்து நின்றது. "அப்பா, அவரை விடுங்க. மாஸ்க்கு போட்டவரைப் பாருங்க. டம்ளரை இடது கையில புடிச்சிக்கினு சுண்டு விரலைத் தூக்கிக்கினு நிக்கிறாரு. நம்ம வீட்டுல காபி குடிச்சப்பவும் இப்படித்தான் புடிச்சாரு."

வெற்றி மெதுவாக மாஸ்க்கைக் கழற்றி ஏட்டய்யாவைப் பார்த்தான். "கொலை பண்ணது நான்தான் மாமா. நாடகத்துல நடிக்கிறதும் நான்தான். உங்ககிட்ட பொய் சொன்னதுக்கு மன்னிப்புக் கேக்கறேன். நடிச்சதுக்குக் கேக்க மாட்டேன்" என்றான். பார்வையைத் தாழ்த்தவில்லை. நம் பிள்ளை என்று எனக்குப் பெருமையாக இருந்தது, மச்சான். கல்யாணம் போச்சு என்றும் முடிவு செய்துகொண்டேன்.

செல்வகுமார் லத்தியை உள்ளங்கையில் தட்டிக்கொண்டே நின்றார். பிறகு, "சரி, எதுக்கு வெஷம் வெச்ச?" என்றார்.

அவ்வளவுதான். தாங்கள் கடைசிக் காட்சிக்கு எழுதியிருந்தீர்களே, தங்கையின் கல்யாணத்தைக் கெடுத்த முதலாளியைப் பழிவாங்கிய கதை, அந்த வசனம் முழுவதையும் வெற்றி ஒரு சொல் பிசகாமல் சொன்னான். ஒத்திகையில் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. முன் வரிசையில் ஓர் அம்மாள் விம்மினார். கொலையுண்ட துரைக்கண்ணுவே கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏட்டய்யா அவன் தோளில் கைபோட்டு, "என் சர்வீஸ்ல எத்தினியோ பேரை விசாரிச்சிருக்கேன். ஒருத்தன்கூட இப்படிக் கோர்வையா ஒத்துக்கினது இல்ல" என்றார். அப்புறம் கூட்டத்தைப் பார்த்து, "இவன்தான் குத்தவாளி. எங்க வீட்டு மாப்பிள்ளையும் இவன்தான்!" என்று அறிவித்தார். மண்டபம் அதிர்ந்தது. திரை விழுந்ததும் ஷாலினி உள்ளே வந்து, "மொதல்லயே சொல்லியிருந்தா முன் வரிசையில இடம் புடிச்சிருப்பேன்ல" என்று அவனைக் கடிந்துகொண்டது. தங்களைப் பற்றி ஏட்டய்யா சொன்னது இவ்வளவுதான்: "அவரை நான் தனியா விசாரிச்சிக்கிறேன்."

ஆகவே தாங்கள் மனதை அலட்டிக்கொள்ள வேண்டாம். கல்யாணம் தை மாதம் குறித்த ஞாயிற்றுக்கிழமையே நடக்கும். பத்திரிகையை இன்றே அச்சுக்குக் கொடுத்துவிடலாம். தங்கை தனத்துக்கு என் ஆசிகள், தங்களுக்கு வணக்கம், சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட்டுக்கொள்ளவும்.

இப்படிக்கு,
கொலைப்பழி நீங்கிய மைத்துனன்,
விருத்தாசலம்.

பி.கு.: பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்க வேண்டாம். உறையை ஒட்டப்போகும் நேரத்தில் செல்வகுமார் வந்துவிட்டுப் போனார். இன்ஸ்பெக்டர் வேஷத்தை ஆனந்தராஜிடமிருந்து வாங்கிக்கொண்டு, விழுப்புரத்தில் ஒரு நாடக விழாவுக்கும் நம் குழுவின் பெயரைக் கொடுத்துவிட்டாராம். அதுவும் அதே தை மாத ஞாயிறு. "அன்னிக்குக் கல்யாணமாச்சேங்க" என்றேன். "கல்யாணத்தை எப்ப வேணா வெச்சிக்கலாங்க. குடுத்த தேதியில கொலை நடந்தாவணும்" என்கிறார்.