சொர்ணம் பாடுகிறாள், தந்தி போல் பாவிக்கவும்

அல்சூர், பெங்களூரு
ஞாயிறு மாலை

கே.ஜி.எஃப்.பில் இருக்கும் மதிப்பிற்குரிய மச்சான் சின்னப்பா அவர்களுக்கு, உங்கள் மாப்பிள்ளை பெருமாள்சாமி எழுதிக்கொண்டது. இங்கு நான் நலமில்லை. உங்கள் தங்கை சொர்ணம் தேவைக்கு மேலேயே நலம். அங்கு உங்கள் நலத்தையும் காந்தா அக்காவின் முழங்கால் நலத்தையும் அறிய ஆவல். இந்தக் காலத்தில் கடிதமா என்று கேட்பீர்கள். போனில் பேசினால் எங்கள் சமையலறைக்குக் காது உண்டு. வாட்ஸாப்பில் போன தடவை உங்களுக்கென்று எழுதியது குடும்பக் குரூப்புக்குப் போய், அதற்கு உங்கள் தங்கையே கட்டைவிரல் தூக்கிக் காட்டினாள். ஆகவே தபால். தந்தி போல் பாவிக்கவும்.

விஷயம் இதுதான். எங்கள் அப்பார்ட்மெண்டில் மாதம் ஒரு சனிக்கிழமை ‘போன் இல்லா மாலை’ என்று ஒன்று ஆரம்பித்திருக்கிறார்கள். இரண்டாவது மாடியில் இளவேனில் என்று ஒரு பெண், பகலில் கம்ப்யூட்டர் வேலை, சாயங்காலம் ஊரைத் திருத்துகிற வேலை. அவள்தான் தலைவி. கீழே ஹாலில் எல்லோரும் கூடி ஒரு பக்கம் சேர்ந்து பாடுவது, இன்னொரு பக்கம் படம் வரைவது, களிமண் பிசைவது. வாசலிலேயே பிரியாணி அண்டாவை வைத்து, வருகிறவர்களின் போனையெல்லாம் அதில் போடச் சொல்லி, தட்டைப் போட்டு மூடி, பக்கத்திலேயே செக்ரட்டரி கிஷோர் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறான். உங்களுக்கே தெரியும், நம் குடும்பத்தில் கல்யாணமா, காதுகுத்தா, மைக்கைப் பிடித்தால் நான்தான். ஆனால் என் சுருதிப் பெட்டி, பாட்டு வரிகள் எல்லாம் போனில். அது இல்லாமல் எனக்குப் பல்லவிக்கு மேல் ஓடாது. போன மாதம் கிஷோரிடம் மரியாதையாகத்தான் சொன்னேன், “தம்பி, இது போன் இல்லப்பா, என் தம்புரா” என்று. “சரி அங்கிள், தம்புராவையும் அண்டாவுல போடுங்க” என்றான். போட்டேன்.

பாட்டு என்னவோ அந்தப் பெண்ணே எழுதிய நாலு வரி. ஏரி மேல் மழை பெய்கிறதாம், அவ்வளவுதான் சமாச்சாரம். நான் ஒருமுறை கேட்டதும் பிடித்துக்கொண்டேன். ஆனால் எல்லோரும் சேர்ந்து பாட ஆரம்பித்ததும் நடந்த கூத்தைக் கேளுங்கள் மச்சான். பெண்களில் பாதிப் பேர் மேலே போகிறார்கள், பாதிப் பேர் கீழே போகிறார்கள். என் பக்கத்தில் முதல் மாடி அலெக்சாண்டர், சர்ச்சில் பாடிப் பழகியவர் என்று பெயர், மனுஷன் தரையைப் பார்த்துக்கொண்டு என்னமோ முனகுகிறார். ஆளுக்கொரு பாதை. பாவம், தெரியாதவர்கள், தெரிந்த நாம் திருத்தாவிட்டால் யார் திருத்துவது என்று நல்லெண்ணத்தில் சரியான மெட்டை உரக்கப் பிடித்தேன். அலெக்சாண்டர் தடுமாறி என் வழிக்கு வந்தார். அவர் பின்னால் நின்ற ஜாய்சன் வந்தான். இரண்டாவது சுற்றில் மொத்த ஹாலும் என் மெட்டுக்கு வந்துவிட்டது. கைதட்டுவார்கள் என்று திரும்பினால், இளவேனில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாள். “அங்கிள், நாலு விதமா பாடினாத்தான் அது சேர்ந்திசை. நீங்க எல்லாரோட பாட்டையும் நீங்களே பாடிட்டீங்க” என்கிறாள். இதை முதலிலேயே சொல்லக் கூடாதா? தப்பாகப் பாடுவதுதான் சரி என்று எனக்கு எப்படித் தெரியும்?

அதோடு விட்டாளா? “அங்கிளுக்குக் கலைநயம் ஜாஸ்தி, ஸ்வல்ப நேரம் அங்க வரைங்களேன்” என்று என்னைக் குழந்தைகள் மேஜைக்கு மாற்றிவிட்டாள். ‘பாட்டைக் கேட்கும்போது மனதில் தோன்றுவதை வரையவும்’ என்று எழுதி ஒட்டியிருந்தது. எனக்கு மனதில் தோன்றியது அலெக்சாண்டர்தான். ஏனென்றால் அவர் அங்கே என் இடத்துக்கு நகர்ந்து, சொர்ணத்துக்குப் பக்கத்து வரிசையில், மார்பை விரித்துக்கொண்டு நிற்கிறார். அவரையே வரைந்தேன். மீசை கொஞ்சம் அகலமாகிவிட்டது. அதைக் கயிற்றில் தொங்கவிட்டார்கள். அலெக்சாண்டரே வந்து பார்த்து, “எருமை தத்ரூபமா இருக்கு சார்” என்று என் கையைக் குலுக்கினார். அந்த மனிதரின் நல்ல குணத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. நான் எருமைக்கு, அதாவது அலெக்சாண்டருக்கு, கறுப்பு தீட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு குரல் தனியாக எழுந்தது. கூட்டம் முழுக்க அடங்கிவிட்டது. களிமண் பிசைகிற குழந்தைகூடப் பிசைவதை நிறுத்திவிட்டது. மழை வருவதற்கு முன்னால் காற்று வருமே, அந்த மாதிரி. வெளியிலிருந்து யாரோ பாடகியை வரவழைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, தூரிகையை நிறுத்தாமலே பக்கத்துக் குழந்தையிடம், “யாரும்மா அது, பிரமாதமா பாடறாங்களே?” என்று கேட்டும் தொலைத்துவிட்டேன். அது என்னை ஏற இறங்கப் பார்த்து, “உங்க வீட்டு ஆன்ட்டிதான் தாத்தா” என்றது. மச்சான், இத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் எனக்கு அந்தக் குரலை அடையாளம் தெரியவில்லை. இப்போது ஊரெல்லாம் அவள் பேச்சு. லிஃப்டில் ஏறினால் “நீங்க சொர்ணம் ஆன்ட்டியோட ஹஸ்பெண்டா?” என்கிறார்கள். அலெக்சாண்டர் வீட்டிலிருந்து அவள் தொண்டைக்கென்று ஃபிளாஸ்க்கில் சுக்குக் கஷாயம் வருகிறது. போன மழைக்கு நான் இருமாத இருமலா? ஒரு சொட்டு வந்ததா? யாரிடமும் போன் இல்லாததால் ரெக்கார்டிங்கும் கிடையாது. இருந்தால் எங்கேயாவது சுருதி விலகியதா என்று போட்டாவது பார்த்திருப்பேன்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். பெண் பார்க்க வந்த அன்று என் அம்மா “பொண்ணு ஒரு பாட்டுப் பாடட்டுமே” என்றதற்கு, “தங்கச்சிக்குத் தொண்டை கட்டியிருக்கு” என்று சொன்னது நீங்கள்தானே? அன்று கட்டிய தொண்டை இப்போதுதான் அவிழ்ந்திருக்கிறதா? இவ்வளவு பெரிய சங்கதியை மறைத்துப் பெண்ணைக் கொடுக்கலாமா?

வருகிற சனிக்கிழமை பக்கத்து அப்பார்ட்மெண்ட் ஆட்களையும் கூப்பிட்டிருக்கிறார்கள். உங்கள் தங்கைதான் தனியாக எடுத்துப் பாடி ஆரம்பிக்கிறாளாம். நான் மறுபடியும் அந்த மேஜையில் குழந்தைகளோடு உட்கார்ந்து எருமை வரைய வேண்டுமா? எனக்குப் பொறாமைதான், ஒத்துக்கொள்கிறேன், வயிறு எரிகிறது. ஆகையால் இது கண்டவுடன் காந்தா அக்காவுக்கு முழங்கால் ரொம்ப மோசம், உடனே வா என்று தங்கைக்குப் போன் போட்டு, சனிக்கிழமை தாண்டும்வரை அங்கேயே வைத்துக்கொள்ளவும். இந்த உதவியை ஏழேழு ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன்.

அக்காவுக்கு என் வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு ஆசிகளையும் சொல்லவும். கோலாரம்மா உங்கள் குடும்பத்தை ஒரு குறையும் இல்லாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
வயிற்றெரிச்சலுடன்,
பெருமாள்சாமி

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். கவரில் முகவரி எழுதும்போது உங்கள் பின்கோடு ஞாபகம் வரவில்லை. பழக்கதோஷத்தில் சொர்ணத்தைக் கேட்டுவிட்டேன். “எங்கண்ணனுக்கு எதுக்குக் கடுதாசி?” என்று வாங்கிப் படித்தாள். திட்டவில்லை. பீன்ஸ் நறுக்கிக்கொண்டே சிரித்தாள். “தொண்டையெல்லாம் கட்டலீங்க. உங்க அம்மா கேட்டு முடிக்கிறதுக்குள்ள நீங்க பாட ஆரம்பிச்சிட்டீங்க. நிறுத்தவே இல்ல. அண்ணன் என்ன பண்ணும் பாவம், தொண்டைன்னு சொல்லிச்சு” என்றாள். அப்புறம் இளவேனிலை மேலே வரவழைத்தாள். பாட்டுக்கு அடியில் கடைசிவரை ஒரே சுரத்தை விடாமல் பிடிக்க ஆள் வேண்டுமாம், சுருதிப் பெட்டிதான் அண்டாவில் கிடக்கிறதே. “எங்க வீட்டுக்காரர் ஒண்ணைப் பிடிச்சா லேசுல விடமாட்டார்” என்று சொர்ணமே சிபாரிசு செய்தாள். ஆகவே இத்தனை வருஷம் என் போன் எனக்குப் பார்த்த வேலையை, சனிக்கிழமை நான் உங்கள் தங்கைக்குப் பார்க்கிறேன். நிற்கப் போவதும் அவளுக்கு நேர் பின்னால்தான். ஸ்டாம்ப் ஒட்டியாகிவிட்டதால் கடிதத்தைக் கிழிக்க மனம் வரவில்லை. நீங்களும் அக்காவும் அவசியம் வரவும். வரும்போது கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு வரவும், போனை வாசலிலேயே வாங்கிவிடுவார்கள். அதே சுரத்தை அலெக்சாண்டருக்கும் கொடுத்திருக்கிறார்கள். யார் முதலில் மூச்சு விடுகிறார்கள் என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.