பெரியப்பா நிற்க வேண்டிய இடம்

காரைக்கால்,
வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய பெரியப்பா மரியமுத்து அவர்களுக்கு,

தங்கள் தம்பி அகஸ்டினின் இளைய மகள் கிறிஸ்டி எழுதுவது. மாதாவின் தயவில் இங்கே எல்லாரும் சுகம். அங்கே தங்கள் சுகத்தையும் பெரியம்மாவின் முழங்கால் நிலவரத்தையும் அறிய ஆவல்.

போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. அப்பா போலகத்தில் உங்கள் வீட்டுக்கு வந்தால் கொல்லைப்பக்கம் போய்விடுகிறீர்கள். அதனால் இதை மீன்காரச் செல்லம் அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன். தாளில் வாசனை அடித்தால் அது எங்களுடையது அல்ல.

எனக்கு ஓலை வாசித்தாகிவிட்டது. ஞாயிறு பூசை முடிவில் ஃபாதர் என் பெயரையும் பிரவின் பெயரையும் சொல்லி, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்கலாம் என்றார். அப்பா திரும்பிக் கோயில் வாசலைப் பார்த்தார். நீங்கள் வந்திருப்பீர்கள் என்று. தடை சொல்லவாவது.

பத்திரிகை இன்னும் அச்சுக்குப் போகவில்லை.

"அண்ணன் பேரு இல்லாம பத்திரிகை எப்படி அடிக்கிறது? பேரைப் போட்டு அவரு வரலன்னா யாரு மூஞ்சில முழிக்கிறது?" என்கிறார் அப்பா. இரண்டுக்கும் நடுவில் என் கல்யாணம் நிற்கிறது.

நிச்சயதார்த்தத்துக்கு நீங்கள் வராததற்கான காரணத்தைச் செல்லம் அக்கா வந்து சொன்னாள். "ஆல்பத்துல இல்லாத ஆளுக்குப் பந்தல்ல என்ன வேலைன்னு கேக்கச் சொன்னாரு." மத்தி மீனைக் கூறு போட்டுக்கொண்டே அவள் தன் சார்பிலும் ஒன்றைச் சேர்த்தாள். "நானுந்தான் அந்த ஆல்பத்துல இல்ல. நான் என்ன, மீன் போடுறதையா நிறுத்திட்டேன்?"

சலோமி அக்கா கல்யாண ஆல்பத்தை மறுபடி புரட்டினோம். நீங்கள் சொல்வது சரி. பந்தல் போட்டதிலிருந்து மாப்பிள்ளை வீட்டாரை வழியனுப்பியது வரை எல்லாம் செய்தவர் நீங்கள். ஒரு படத்திலும் இல்லை. உங்கள் தோள்துண்டுகூட இல்லை. பந்தியில் நுழைந்த ஒரு நாய் இரண்டு இடத்தில் இருக்கிறது.

அதனால் இந்த முறை போட்டோக்காரரைத் தேர்ந்தெடுப்பதில் அப்பாவுக்கு ஒரே ஒரு அளவுகோல். அண்ணன் படத்தில் விழ வேண்டும். வருகிறவர் எங்களை வரிசையாக நிற்க வைத்து ஒரு படம் எடுத்துக் காட்ட வேண்டும். ஓரத்தில், நீங்கள் நிற்கும் இடத்தில், அப்பா நிற்பார். கையைக் கட்டி, தாடையைத் தூக்கி. உங்களைப் போல நிற்க அவருக்கு நன்றாக வருகிறது. கோபம் மட்டும் வரவில்லை.

முதலில் வந்தவர் கார்முகில். இவர் கேண்டிட் எடுப்பவர், அதாவது யாரும் கேமராவைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் அவருக்கு வருத்தமாகிவிடுகிறது, தன் மாதிரி ஆல்பத்தை விரித்துக் காட்டினார், அதில் ஒரு பெண்ணின் காது இருந்தது, ஒரு செருப்புக் குவியல் இருந்தது, தயிர் வாளி ஒன்று மிகத் தெளிவாக இருந்தது, அதற்குப் பின்னால் மனிதர்கள் புகைபோல நின்றார்கள், அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இந்த மங்கலா நிக்கிறவரு யாரு தம்பி?" என்று கேட்க, "பொண்ணோட பெரியப்பா சார், டெப்த்துக்காக வச்சிருக்கேன்" என்று அவர் சொல்ல, அப்பா ஆல்பத்தை மூடி இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்து, "எங்க அண்ணனை டெப்த்துல வைக்க முடியாது தம்பி, காபி குடிச்சிட்டுப் போங்க" என்று அனுப்பிவிட்டார்.

அடுத்தவர் அஜ்மீர். டிரோன் வைத்திருக்கிறார். மொட்டை மாடியிலிருந்து பறக்கவிட்டு, கீழே வரிசையாக நின்ற எங்களை எடுத்தார். ஒருவரும் விடுபடவில்லை. ஆனால் எல்லாம் உச்சந்தலை.

"இதுல அண்ணன் எதுன்னு எப்படித் தெரியும்?" என்றார் அப்பா. "எங்க வம்சத்துல எல்லாருக்கும் மேல ஒண்ணுதான்."

"அவருக்கு மட்டும் செவப்புத் தொப்பி போட்டுரலாம் அங்கிள்."

நீங்கள் சிவப்புத் தொப்பியில் நிற்பதை அப்பா கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தார். அதற்குள் தெருக் காகங்கள் டிரோனைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டன. அது இப்போது பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இருக்கிறது.

மூன்றாவது ஆனந்தராஜ். ஆமாம், அவரேதான். அக்கா கல்யாணத்தை எடுத்தவர். அப்பா கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டேன். அவர் எடுத்த வரிசைப் படத்தில் அப்பா முழுதாக, இரண்டு செருப்போடும் விழுந்திருந்தார்.

அப்பா படத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "இவ்வளவு தெரிஞ்ச ஆளு எங்க அண்ணனை மட்டும் ஏன் விட்டீங்க?"

"நீலச் சட்டை போட்டிருந்த பெரியவரா?"

"அவருதான்."

"சார், காலையில கோயில் வாசல்லேருந்து ராத்திரி பந்தி முடியிற வரைக்கும் அவரு என் தோளுக்குப் பின்னாலதான் நின்னாரு. பின்னால நிக்கிறவரை எடுக்கணும்னா எனக்குப் பிடரியில கண்ணு இருக்கணும்."

பிறகு அவர் எழுந்து நின்று உங்களைப் போலப் பேசிக் காட்டினார். "ஏய் சலோமி, பல்லு தெரியாம சிரி. யாருய்யா அது வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கிட்டு, இறக்கி விடு. மாப்ள, மூச்சை உள்ள இழுங்க. ஃபாதர், கையைத் தூக்குனது தூக்குனபடி அப்படியே வச்சிருங்க."

ஃபாதர் வைத்திருந்தார். அந்தப் படம் இருக்கிறது.

குரல் அப்படியே உங்களுடையது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனாள். அடுப்பு எரியவில்லை.

ஆனந்தராஜுக்கு ஒரு நிபந்தனை. "அவரு வந்தா நான் வரல. அப்பவே எனக்குக் கை நடுங்கிச்சு. இப்ப பிரஷர் வேற இருக்கு." அப்பாவுக்கும் ஒரு நிபந்தனை. அண்ணன் வராவிட்டால் யாரும் வர வேண்டாம். மாப்பிள்ளை உட்பட என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அந்த இடத்தில் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

கடைசியில் ஒரு உடன்பாடு. உங்களுக்கு ஒரு நாற்காலி. மர நாற்காலி, கை வைத்தது. மேடையில் முதல் வரிசை, நடுவில். நீங்கள் அதில் உட்கார வேண்டும். நாங்கள் உங்களைச் சுற்றி வந்து வந்து நிற்போம். எல்லாப் படத்திலும் நீங்கள் இருப்பீர்கள். எழுந்திருக்கக் கூடாது. பேசக் கூடாது. சாப்பாட்டுக்கு எழுந்திருக்கலாம். இதற்கு ஆனந்தராஜ் சம்மதித்துவிட்டார்.

ஆகவே பெரியப்பா, நீங்கள் இல்லாத படம் இனி இந்தக் குடும்பத்தில் எடுக்கப்படாது. சம்மதம் என்றால் செல்லம் அக்காவிடம் ஒரு சொல் சொல்லி அனுப்புங்கள். அவள் கூடுதலாகச் சேர்ப்பதை நாங்கள் கழித்துக்கொள்வோம்.

பெரியம்மாவுக்கு என் அன்பு. வேளாங்கண்ணி மாதா அவர் முழங்காலையும் உங்கள் மனத்தையும் கொஞ்சம் இளக்கட்டும். உங்கள் கை என் நெற்றியில் சிலுவை போட வேண்டும் என்ற வேண்டுதலுடன்,

தங்கள் கீழ்ப்படிந்த மகள்,
கிறிஸ்டி.

பி.கு.: உறையை ஒட்டிவிட்டுப் பிரித்து எழுதுகிறேன். செல்லம் அக்கா வாசலில் கூடையோடு நின்று, நெத்திலி காத்திருக்காது என்கிறாள். இப்போதுதான் ஆனந்தராஜ் நாற்காலியை வைத்து ஒத்திகை பார்த்தார். நாற்காலி காலி. நாங்கள் சுற்றி நின்றோம். ஒரு படமும் உருப்படவில்லை. அம்மா கண்ணை மூடியிருக்கிறாள். அக்கா போனைப் பார்க்கிறாள். அப்பா எல்லாப் படத்திலும் நாற்காலியைப் பார்க்கிறார். ஆனந்தராஜ் கேமராவை இறக்கி வைத்தார். பழைய ஆல்பத்தை எடுத்து வரச் சொல்லி, எங்கள் முன்னால் விரித்துப் போட்டார். "பாருங்க. ஒருத்தராவது லென்ஸைப் பாக்குறீங்களா?" யாரும் பார்க்கவில்லை. மணமக்கள், ஃபாதர், சமையல்காரர் எல்லாரும் லென்ஸுக்குச் சற்று மேலே, இடப்பக்கமாக, ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நெஞ்சை நிமிர்த்தி. பல் தெரியாமல்.

ஆனந்தராஜ் நிபந்தனையை மாற்றிவிட்டார். நீங்கள் பின்னால் நின்றால்தான் வருவாராம். பிரஷருக்கு மாத்திரை போட்டுக்கொள்வாராம். நாற்காலி ரத்து. இந்த ஆல்பத்திலும் நீங்கள் இருக்கமாட்டீர்கள்.

பந்தலில் வேலை இருக்கிறது, பெரியப்பா. வாருங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் நான் எங்கே பார்க்கிறேன் என்று யாராவது கேட்டால் சொல்லிக்கொள்கிறேன்.