கிளி பார்த்த மாப்பிள்ளை

கிளி அந்தப் படத்தைக் கவ்விக்கொண்டு முருங்கைமரத்தடிக்கு நடந்து போனபோது, ராஜவேலு முதலில் அதைத் திருட்டு என்றுதான் நினைத்தார்.

"ஏய், வுடு. வுடு அத."

பாவம், அவர் செய்த தவறுதான் என்ன? வெயில் ஏறுமுன் தோட்டத்துக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, மகளுக்காகத் தரகர் தணிகைமணி கொடுத்துவிட்டுப் போன மூன்று மாப்பிள்ளைப் படங்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். அம்மையார்குப்பம் நெசவாளர் சங்கத்தில் முப்பது வருஷம் சேலை பார்த்து வாங்கிய கை அது. அரக்கோணத்தில் ரயில்வே உத்தியோகம் பார்க்கும் சூர்யபிரகாஷ் எல்லாவற்றுக்கும் மேலே. பேங்க்கில் இருக்கும் ராஜீவ் அதற்கு அடுத்தபடி. கே.ஜி.கண்டிகையில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் கௌதமனை, வேண்டாத சேலையின் சீட்டை மடிக்கிற பழக்கத்தில் மூலையில் ஒரு மடி மடித்து ஓரமாகத் தள்ளினார். தள்ளிவிட்டுக் காபி டம்ளரை எடுக்கத் திரும்பினார். அவ்வளவுதான்.

கிளி நேராக அவர் மனைவி ரஞ்சிதத்திடம் போனது. அவள் அப்போதுதான் பறவைகளுக்குக் கொட்டாங்குச்சிகளில் கம்பு போட்டுக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் படத்தை வைத்துவிட்டுத் தலையைச் சாய்த்து நிமிர்ந்து பார்த்தது. ரஞ்சிதம் ஒரு வேர்க்கடலையை நீட்டினாள். வாங்கிக்கொண்டது.

"ஏங்க, யாரு இந்தப் புள்ள?"

"நான் வேணான்னு தள்ளுனது."

"இது வேணுன்னு எடுத்தாந்துகீதே."

அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை என்று வந்தால் அது இந்தக் கொட்டாங்குச்சியைப் பற்றியதாகத்தான் இருக்கும். காசைக் கொட்டிக் காக்கா குருவிக்குப் போடுகிறாள் என்பது ராஜவேலுவின் கட்சி. "ரெண்டு வருஷமா முருங்கையில ஒரு கம்பளிப்பூச்சி பாத்தீங்களா? முதுகு அரிக்காம தூங்குறீங்களே, யாரால?" என்பது ரஞ்சிதத்தின் கட்சி. தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து தங்களுக்குள் சண்டை போட்டுவிட்டுப் போகும். மைனா ஜோடி வரும். மற்றக் கிளிகள் பறந்து வந்து பறந்து போகும். இந்த ஒரு கிளி மட்டும் மதிலில் இறங்கி, பத்திரம் பதிய வந்த பெரியமனுஷர் மாதிரி நிதானமாக நடந்து வரும்.

"முருகன் சொல்லி அனுப்பிகீறாருங்க," என்றாள் ரஞ்சிதம்.

"இந்த மலை முருகனுக்கு யானைதான் வாகனம். கிளிக்கும் அவருக்கும் இன்னா சம்பந்தம்?"

"யானை நம்ம சந்துல நொழையாதுன்னு கிளிய அனுப்பிகீறாரு."

ராஜவேலு படத்தைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் காலை அவரே பரீட்சை வைத்தார். மூன்று படங்களையும் கவிழ்த்துப் போட்டுக் கலைத்தார். கூடவே கரண்ட் பில்லையும் வைத்தார். கிளி வந்தது. நடந்தது. ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தது. ஒன்றைக் கவ்வி அவர் செருப்பின்மேல் வைத்தது. திருப்பினார். கௌதமன்.

முகத்தையே பார்க்காமல் எப்படி எடுக்கும்?

"நீதான் பழக்கி வெச்சிகீற," என்றார் மனைவியிடம்.

"மலை மேல சத்தியமா இல்ல. அந்தப் புள்ளய நான் பாத்ததே நேத்துதான்."

மூன்றாம் நாள் கௌதமனை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினார். கிளி மீதி இரண்டையும் புரட்டியது, காலால் தள்ளியது, ராஜவேலுவைப் பார்த்து ஒரு கத்து கத்தியது.

"தேடிகினு கீது பாருங்க," என்று மதிலுக்கு அந்தப்பக்கமிருந்து குரல் வந்தது. பக்கத்து வீட்டு அனுராதா. எத்தனை நேரமாக நின்றிருந்தாளோ. "அக்கா, நெசமாவே சொல்லுதாக்கா? எங்க வீட்டுக்காரரு ரெண்டு மனை பாத்து வெச்சிகீறாரு. எத வாங்கறதுன்னு கேக்கலாமா?"

சாயந்திரத்துக்குள் தெருவே தோட்டத்தில் இருந்தது. மனைப் பத்திரம், பரீட்சை நுழைவுச்சீட்டு, ஒரு பெரியவரின் எக்ஸ்ரே. வெறுங்கையோடு வரக்கூடாதென்று ஆளுக்கொரு படி கம்பும் கேழ்வரகும் கொண்டுவந்தார்கள். கிளி எல்லாவற்றையும் விட்டுவிட்டு அனுராதா பத்திரத்தோடு கொண்டுவந்திருந்த, மூலை மடங்கிய பழைய ரேஷன் கார்டை எடுத்தது. "மனையே வேணாம், இருக்கறது போதும்னு சொல்லுது," என்று அவளே அர்த்தம் சொல்லிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

தானியம் குவியக் குவியப் புறாக்கள் வந்தன. புறாக்களைப் பார்த்துப் பூனை வந்தது. ஒரு பிடி கம்புக்கு முகம் சுளித்த மனிதர் இப்போது மூன்று மூட்டைத் தானியத்துக்குக் காவலாக, கையில் குச்சியோடு பூனையைத் துரத்திக்கொண்டிருந்தார்.

"நைனா, நீ குருவிக்குக் காவலு காக்கறத போட்டோ எடுத்துக்கவா?" என்று மகள் அபி சன்னல் வழியாகக் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சூர்யபிரகாஷ் வீட்டார் பெண் பார்க்க வருவதாகத் தரகர் சொல்லியனுப்பினார். ராஜவேலு விடவில்லை. பெண்டாட்டியின் மனதை மாற்றாமல் எப்படிச் சம்பந்தம் பேசுவது? தெய்வத்துக்கு ஒரு சின்ன கைத்தாங்கல் கொடுத்தால் குற்றமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வேர்க்கடலையை வெல்லத்தோடு இடித்துச் சூர்யபிரகாஷின் படத்தில் நன்றாகத் தடவினார். ஞாயிறு காலை கட்டிலில் அதை மட்டும் வைத்தார்.

கிளி எடுத்தது. எடுத்துக்கொண்டு போகவில்லை. அங்கேயே உட்கார்ந்து கடலையைத் தின்றது. பிறகு கடலை இருந்த இடத்தையும் தின்றது. ராஜவேலு ஓடி வந்து பிடுங்குவதற்குள் ரயில்வே சட்டை மட்டும் மிச்சமிருந்தது. கழுத்துக்கு மேலே ஓட்டை.

"சாமியே மூஞ்சிய எடுத்துட்டாரு," என்றாள் ரஞ்சிதம். "இனிமே நாம இன்னா பேசறது?"

அவசரத்தில் அவர் அதை அலமாரியில் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னால் செருகினார். பத்து மணிக்கு வந்த மாப்பிள்ளையின் அம்மா சரியாக அந்தப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்தாள். பஜ்ஜியைக் கையில் எடுத்தவள் கண்ணில் ரயில்வே சட்டை பட்டது.

"இன்னாங்க இது? எம்புள்ள மூஞ்சி எங்க?"

ராஜவேலு பொய் சொல்லத் தெரியாத மனிதர். "கிளி தின்னுடுச்சிங்க," என்றார்.

அந்த அம்மாள் பஜ்ஜியைத் தட்டில் திரும்ப வைத்தாள். வாசலில் ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது. ராஜீவ் வீட்டாருக்கு இந்தச் சேதி எப்படிப் போயிற்றோ, மறுநாளே ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

ராஜவேலு அன்று சாப்பிடவில்லை. கட்டிலில் வந்து உட்கார்ந்தார். அவருக்கென்ன, தனக்காகவா கேட்டார்? சங்கத்தில் கூலி நின்ற வருஷங்களில் ரஞ்சிதம் கஞ்சியில் தண்ணீர் ஊற்றியதை அவர் மறக்கவில்லை. மாசம் பிறந்தால் சம்பளம் வருகிற வீட்டில் பெண் இருக்க வேண்டும். அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. இதில் ஒரு கிளி எங்கிருந்து வந்தது?

அபி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உனுக்கு அந்தப் பையன முன்னாடியே தெரியுமாம்மா? தெரிஞ்சா சொல்லிடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"எனுக்கு யாரையும் தெரியாது நைனா. ஆனா அந்தக் கிளி ரெண்டு தடவ எடுத்துகீது. நான் ஒரு தடவ பாக்கக் கூடாதா?"

கௌதமன் வந்தான். சோபாவில் உட்காரச் சொன்னால், கொஞ்ச நேரத்துக்கெல்லாம் தோட்டத்தில் நின்றான். தட்டிலிருந்த மிக்சரில் கடலையைப் பொறுக்கிக் கொட்டாங்குச்சியில் போட்டான். "காரம் தொடச்சிட்டுப் போடுங்க, அதுக்கு எரியும்," என்றாள் அபி. அவன் ஒவ்வொரு கடலையாகச் சட்டையில் துடைத்துப் போட்டான். வெள்ளைச் சட்டை.

ராஜவேலு அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கடையில மாசம் இன்னா வரும் தம்பி?" என்று கேட்டார்.

"ஒரு மாசம் போல ஒரு மாசம் இருக்காதுங்க. ஆனா அரக்கோணத்துக்காரங்க போனு ஒடஞ்சாலும் எங்கிட்டதான் வருது."

அபி சிரித்துவிட்டாள். பெண் சிரித்தபிறகு ராஜவேலுவுக்குச் சேலை பார்க்கிற கண் மங்கிப் போயிற்று. சரி என்றார்.

நிச்சயதார்த்தத்தன்று விடிந்ததும் தானே கொட்டாங்குச்சிகளைக் கழுவிக் கம்பு நிரப்பினார். சாமியானாக் கடையிலிருந்து நாற்காலி இறக்க வந்த சுப்பன் தோட்டத்துப் பக்கம் எட்டிப் பார்த்தார். அறுபது வயதிருக்கும். கிளி மதிலிலிருந்து இறங்கி, நடந்து வந்து, அவர் கால்வழியே ஏறித் தோளில் உட்கார்ந்தது.

"அட, செல்லி. இங்கயா கீற நீ?"

"உங்களுக்குத் தெரியுமா இத?"

"ஆங், என்னுதுதானுங்க. மலையடிவாரத்துல கிளி ஜோசியம் பாத்துகினு இருந்தேன். கூண்டுல வெக்கக் கூடாதுன்னு ஆபீசருங்க வந்து சொன்னாங்க. றெக்க வளர்ற வரிக்கும் வெச்சிருந்து தொறந்து வுட்டுட்டேன். ரெண்டு வருஷமாச்சி. இன்னாத்த துன்னுதோ, எங்க கீதோன்னு நெனச்சி நெனச்சி தூக்கம் கெட்டுதுங்க. நல்லா துன்னுகினு இங்கதான் கீது." அவர் கையை எடுத்துக் கும்பிட்டார். ரஞ்சிதம் தலையைக் குனிந்துகொண்டாள்.

ராஜவேலு நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். கவிழ்த்து வைத்தும் எடுத்ததை இரண்டு தரம் சொன்னார். "தெய்வ வாக்கு இல்லாம வேற இன்னாங்க?"

சுப்பன் கிளியின் கழுத்தைத் தடவிக்கொண்டே சிரித்தார்.

"தொழில வுட்டாச்சி, சொன்னா இன்னா. வந்தவங்களுக்கு நல்ல சீட்டா வரட்டுமேன்னு, நல்லதுலலாம் மூலைய லேசா மடிச்சி வெச்சிருப்பேங்க. மடிச்சத எடுத்தா ஒரு கடலை. அதுக்குத் தெரிஞ்சது அவ்ளோதான். ஆமா, மாப்பிள்ள படத்து மூலைய யாருங்க மடிச்சது?"