பெயருக்கு முன் ஒரு சிறு விளக்கம்

படித்தவர்களிடம் வரும் பொறாமை ஆதாரங்களோடுதான் வரும். என்னிடம் அது அடிக்குறிப்புகளோடு வந்தது.

அண்ணாவுக்கு மகள் பிறந்தபோது நான் பல்கலைக்கழகத்தில் தமிழ் இலக்கியம், முதல் வருடம். விடுமுறைக்குத் திருகோணமலைக்கு வந்து பார்த்தால், வீட்டில் எல்லாவற்றுக்கும் அண்ணியின் தங்கை வசந்தியைத்தான் கேட்கிறார்கள். (சட்டை வாங்குவதென்றால்கூட என்னைக் கேட்ட அண்ணா!) குழந்தை என் கையில் அழுதது, அவள் கையில் உறங்கியது. இதை நான் தற்செயல் என்றே வகைப்படுத்தினேன்.

பெயரிலும் போட்டி. சாதகம் பார்த்த சாத்திரியார் 'ம' வரிசை என்றார். வசந்தி 'மயூரி' என்றாள். நான் 'மாதுமை' என்றேன்: கோணேசர் கோயில் அம்மனின் பெயர், காலமாகிவிட்ட எங்கள் அம்மாவின் பெயரும் அதுவே. அண்ணா கண் கலங்கினார்.

"காதிலை பேர் சொல்லுறது மாமியின்ரை உரிமை. என்ரை தங்கச்சி சொல்லுறதுதான் பேர்."

நான் வசந்தியைப் பார்த்தேன். அடக்கமாகத்தான் பார்த்தேன் என்று இன்றும் வாதிடுவேன்.

முப்பத்தோராம் நாள் புதன்கிழமையாக அமைந்தது. பன்னிரண்டுக்கு இராகு காலம். துறைமுகத்தின் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதுமுன் குழந்தையின் காதில் மூன்று முறை பெயரைச் சொல்லிவிட வேண்டும்; அவ்வளவுதான் வேலை. குழந்தையை என் மடியில் கிடத்தினார்கள். கூடம் நிறைந்த சனம் முதன்முறையாக என் வாயைப் பார்த்திருந்தது, வசந்தியும் பார்த்திருந்தாள். அதுதான் வினை.

"பேரைச் சொல்லுறதுக்கு முதல் ஒரு சிறு விளக்கம்," என்றேன்.

அம்மனில் தொடங்கி, கோயில் வழியாக, எங்கள் குடும்பப் பெருமைக்கு வந்தேன். "சில பேர் காதுக்கு இனிமையெண்டு மட்டும் பேர் தேடுகினம்," என்று வசந்தியின் திசையில் ஒரு வாக்கியத்தையும் அனுப்பினேன்.

"பிள்ளை, நேரம்!" என்றார் அப்பா.

"ஓம் அப்பா, முடிவுரைக்கு வந்திட்டன்."

(முன்னுரையையே தாண்டவில்லை.)

"மச்சாள், சங்கு ஊதப் போகுது!" வசந்தி பதறினாள்.

"இடையிலை கதைக்காதேங்கோ."

அவள் அதற்குமேல் கதைக்கவில்லை. பாய்ந்து வந்து, என் மடியிலிருந்த குழந்தையின் காதருகே குனிந்து, "மாதுமை, மாதுமை, மாதுமை" என்றாள். சங்கு ஊதியது. குழந்தை வீரிட்டது. நான் 'ஆகவே' என்ற சொல்லில் நின்றுகொண்டிருந்தேன்.

அவள் 'மயூரி' என்று சொல்லியிருந்தால் ஆயுள் முழுவதும் நியாயமாகக் கோபித்திருப்பேன். அந்த வசதியைக்கூட அவள் எனக்கு விட்டுவைக்கவில்லை.

"உங்கடை பேர்தானே மச்சாள்," என்று என் தோளைத் தட்டினாள். "நான் சும்மா சொல்லித்தானே விட்டனான்."

இப்போதும் சாப்பாட்டு மேசையில் நான் வாய் திறந்தால், யாராவது "ஊ..." என்று சங்கு ஊதுவார்கள். மாதுமைக்கு மூன்று வயது. வருகிறவர்கள் எல்லோரையும் அவளிடம் கேட்கவைத்து மகிழ்வது அண்ணாவின் பொழுதுபோக்கு.

"உனக்கு ஆர் பேர் வைச்சது?"

"வசந்திச் சின்னம்மா."

"அப்ப மாமி?"

"மாமி கதைச்சவ."