முட்டைக்கு வந்த காய்ச்சல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு, தை மாதம். ஆபீசுக்குச் சட்டை எடுக்க டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு கோழி உட்கார்ந்து என்னை முறைத்தது. அந்த நிமிஷமே முடிவெடுத்தேன். இந்த வீட்டில் ஒன்று நான் இருக்க வேண்டும், இல்லை கோழி இருக்க வேண்டும். மனைவி அம்சாவிடம் அதை அப்படியே சொல்லவில்லை. அவள் யாரை வைத்துக்கொள்வாள் என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்தது.

"அடைக்கு உக்காந்தத எழுப்பக் கூடாதுங்க. இருபத்தோரு நாள் பொறுத்துக்கினு இருங்க."

"அதுவரைக்கும் பனியனோட ஆபீசுக்குப் போவணுமா?"

"பனியன் மேல இன்னொண்ணு உக்காந்திருக்குதே."

மொத்தம் மூன்று கோழிகள். மூன்றாவது என் குடைக்குள் இருந்தது.

விழுப்புரத்தில் நான் குமாஸ்தாவாக இருந்த ஆபீசில், மதராசிலிருந்து வந்த குஞ்சு பொரிக்கும் பெட்டி ஒன்று கிடந்தது. எல்லோருக்கும் அதைத் தொடப் பயம். அதிகாரி விருத்தாசலம் சாரிடம் கேட்டேன். "எடுத்துக்கிட்டுப் போங்க சீனுவாசன். இருபத்தோராம் நாள் நானே வந்து பாக்கறேன்" என்றார்.

வீட்டில் பந்தயம் கட்டினேன். பெட்டி பொரித்தால் மூன்று கோழியும் சந்தைக்கு. பொரிக்காவிட்டால் கோழிக்கூட்டை ஆயுசுக்கும் நான் கழுவ வேண்டும். அம்சா உடனே சரி என்றாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

கோழிகளின் அடியிலிருந்த முப்பது முட்டைகளையும் பிடுங்கினேன். பென்சிலால் நம்பர் போட்டுப் பெட்டிக்குள் அடுக்கினேன். பக்கவாட்டில் மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றினேன். அம்சா குனிந்து பார்த்தாள்.

"இந்தக் கண்ணாடிக் குச்சி இன்னா பண்ணும்?"

"தெர்மாமீட்டர். எவ்வளவு சூடுன்னு சொல்லும்."

"சொல்லிட்டு?"

"அவ்வளவுதான். சொல்லும்."

"அதிகமா போனா கொறைக்காதா?"

"அது இந்தப் பித்தளை வில்லையோட வேலை. தெர்மோஸ்டாட்டுன்னு பேரு. உள்ள ஈதர்னு ஒரு திரவம். சூடு ஏறினா வில்லை உப்பி மேல இருக்கிற கம்பியைத் தள்ளும். கம்பி, விளக்குக்கு மேல இருக்கிற மூடியைத் தூக்கும். சூடு வெளியே போயிடும். ஆறினா வில்லை சுருங்கும், மூடி இறங்கிடும்."

"எத்தினி சூட்டுல உப்பணும்னு அதுக்கு எப்பிடித் தெரியும்?"

நல்ல கேள்வி. எனக்கே சந்தோஷமாக இருந்தது. "தெர்மாமீட்டரைப் பாத்து இந்தத் திருகை நாமதான் திருப்பி வெக்கணும். நூத்தி மூணு டிகிரி."

"அப்போ வாயால சொல்றது ஒண்ணு, வாயத் தொறக்காம செய்யறது ஒண்ணு. நம்ம வூடு மாதிரி."

எது யார் என்று நான் கேட்கவில்லை.

அவள் ஒரு முட்டையை எடுத்து மூடிய கண்ணிமையில் வைத்து, "சூடு சரியா இருக்குது" என்றாள். நான் சிரித்தேன். குச்சியைப் பார்த்தேன். நூற்று மூன்று.

நான்காம் நாள் தெர்மாமீட்டரைத் துடைக்கிறேன் என்று உடைத்துவிட்டேன். ஆபீசில் சொன்னால் பேஜாரு. கம்பவுண்டர் தேவசகாயத்திடம் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை வாங்கி வந்தேன். கோடு தெரியவில்லை என்று விளக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தேன். நூற்றேழு. பதறிப்போய்த் திருகைத் தளர்த்தினேன். ஒரு மணி நேரம் கழித்து நூற்றேழு. இன்னும் தளர்த்தினேன். மறுநாள் காலையிலும் நூற்றேழு. அதற்குள் மூடி ஆவென்று திறந்தே நின்றது.

"முட்டைக்கு டைபாய்டா?" என்றாள் அம்சா. பிறகு ஒன்றைக் கண்ணிமையில் வைத்தாள். "ஏங்க, பெட்டி ஆறிப் போயிருக்குது."

"உன் கண்ணுக்குத் தெரியுமா, பாதரசத்துக்குத் தெரியுமா?"

"நீங்க ஆபீசுக்குப் போய்ட்டு வாங்க."

சாயங்காலம் வந்தால் வீட்டில் ஒரு கோழி கூட இல்லை. பந்தயம் முடியும்வரை பக்கத்து வீட்டு முனியம்மாள் தொழுவத்தில் விட்டிருக்கிறாளாம். ராஜாவைப் போலச் சட்டை போட்டுக்கொண்டேன். தினமும் இரண்டு வேளை முட்டைகளைப் பக்தியோடு புரட்டினேன். முட்டைக் குழம்பும் அடிக்கடி வந்தது. "முனியம்மா குடுத்தாங்க" என்றாள்.

இருபத்தோராம் நாள் விருத்தாசலம் சார் வந்தார். பெட்டியைத் திறந்தேன். உடைந்த ஓடுகளுக்கு நடுவே இருபத்தாறு குஞ்சுகள் கத்தின. நானே ஆடிப்போனேன், காட்டிக்கொள்ளவில்லை.

"எத்தனை டிகிரி வெச்சீங்க?"

"நூத்தியேழு சார்."

"புத்தகத்துல நூத்தி மூணுன்னு போட்டிருக்கே."

"நம்ம ஊர் முட்டைக்குக் கொஞ்சம் கூட வேணும் சார்."

அவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். "அடுத்த மாசம் பெரிய அதிகாரிங்க வர்றாங்க. நூறு முட்டை வெக்க முடியுமா?"

"நூத்தி இருபதே வெக்கலாம் சார்."

அவர் போனதும் மார்பை நிமிர்த்தி, "கோழிங்களைச் சந்தைக்குக் கொண்டு போ" என்றேன்.  அம்சா தெர்மாமீட்டரை எடுத்து மணிக்கட்டைச் சுண்டி இரண்டு உதறு உதறினாள். மறுபடி பெட்டிக்குள் வைத்து, ஐந்து நிமிஷம் கழித்து நீட்டினாள். பாதரசம் தொண்ணூற்று நாலாவது கோட்டுக்குக் கீழே படுத்திருந்தது.

"இது காய்ச்சல் பாக்கறதுங்க. வாயில இருந்து எடுத்த பொறவும் நாம படிக்கணும்னு, ஏறின எடத்துலயே நின்னுக்கினு இருக்கும். உதறினாதான் எறங்கும்."

"அப்போ குஞ்சுங்க?"

"பெட்டி ஆறின அன்னிக்கே முட்டைங்கள அங்க மாத்திட்டேன். முனியம்மா தொழுவத்துல நம்ம கோழிங்க பொரிச்சுது. காலையில ஓட்டோட கூடையில அள்ளியாந்து வெச்சேன்."

"பதினாறு நாளா நான் புரட்டினது?"

"கடை முட்டை. உங்க நம்பரை அப்பிடியே எழுதி வெச்சேன். கெட்டுப் போவாம மாத்தி மாத்திக் குழம்பு வெச்சேன்."

"ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொன்னா கேக்கிற ஆளா நீங்க? ஆனா ஆபீசர் முன்னாடி நீங்க தலை குனிஞ்சு நிக்கறத என்னால பாக்க முடியாதுங்க."

 இப்படி ஒருத்தியோடு போய்ப் பந்தயம் கட்டினோமே என்று வெட்கமாக இருந்தது. அவள் புடவைத் தலைப்பில் குஞ்சொன்றைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"நூத்தி இருபதுன்னு சொல்லிட்டீங்களே. பெட்டியிலயே பொரிச்சிடுவீங்களா?"

உடைந்த தெர்மாமீட்டரை நினைத்துக்கொண்டேன். "ஒரு கோழி எத்தனை முட்டை அடை காக்கும்?"

"பத்து. நம்ம மூணும் இனிமே குஞ்சோட சுத்தும், உக்காராது. எங்க அம்மாவக் கேளுங்க."

மறுநாள் 'விஞ்ஞானப் பணி' என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, திண்டிவனத்தில் மாமியார் வீட்டு வாசலில் நின்று பன்னிரண்டு அடைக்கோழி இரவல் கேட்டேன்.